பழைய வேக செடான்: குதிரைத்திறன் பட்டியலில் இல்லாத கணக்கு

"ஆறு லட்சத்துக்குள் ஐந்து வேகமான செகண்ட் ஹேண்ட் செடான்கள்". இந்த மாதிரி தலைப்பில் வாரத்துக்கு ஒன்றாவது காணொளியோ கட்டுரையோ வந்துவிடுகிறது. கடந்த இரண்டு மாதத்தில் முப்பதுக்கு மேல் பார்த்திருப்பேன். பெரும்பாலானவற்றில் தகவல் தப்பு கிடையாது. எண்கள் சரி, படங்கள் அழகு. ஆனாலும் இவற்றை நம்பி ஒருவர் கார் வாங்கினால் மாட்டிக்கொள்வார் என்பது என் வாதம். ஏன் என்று விளக்குவதும், பட்டியலில் வழக்கமாக வரும் கார்களை வேறு அளவுகோலில் பார்ப்பதும்தான் இந்தப் பதிவு.

பட்டியல்களில் மூன்று குறை இருக்கிறது. ஒன்று, குதிரைத்திறனை மாறாத பொருளாக நினைக்கிறார்கள். ஷோரூமில் 150 இருந்தது, பன்னிரண்டு வருஷம் கழித்தும் 150 என்று எழுதுகிறார்கள். இரண்டு, வாங்கும் விலைதான் காரின் விலை என்று நினைக்கிறார்கள். மூன்று, வாசிக்கிற எல்லாரும் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பதாக நினைக்கிறார்கள். குறிஞ்சிப்பாடியில் இருப்பவனுக்கும் அண்ணா நகரில் இருப்பவனுக்கும் ஒரே கார் ஒரே விலை ஆகாது.

வேகம் எதுக்கு?

முதலில் எதிர்த்தரப்பையும் ஒரு கை பார்த்துவிடுவோம். "நம்ம ரோட்டுக்கு 80 பிஎஸ் போதும், பேசாம ஒரு மாருதி எடு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. கடலூர்–விருத்தாசலம் சாலையில் யாரும் 160-இல் போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் சக்தியின் பயன் உச்ச வேகத்தில் இல்லை, முந்துவதில் இருக்கிறது. கரும்பு லோடு டிராக்டரையோ, நெய்வேலிப் பக்கம் போகும் டிப்பரையோ முந்தும்போது எதிர்ப்பாதையில் எத்தனை நொடி இருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பள்ளி இயற்பியலிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். காரும் இரண்டு ஆளும் சேர்த்து 1,350 கிலோ. மணிக்கு 60-இல் இருந்து 100 கிலோமீட்டருக்குப் போக, இயக்க ஆற்றல் சுமார் 3.3 லட்சம் ஜூல் கூட வேண்டும். காற்றுத் தடையை இப்போதைக்கு விட்டுவிடலாம். சாதாரண 100 பிஎஸ் கார் அந்த இடைவெளியில் சக்கரத்துக்குச் சராசரியாக 50 கிலோவாட் கொடுத்தால் 6.7 நொடி ஆகும். 150 பிஎஸ் கார் 75 கிலோவாட் கொடுத்தால் 4.4 நொடி. சராசரி 80 வேகத்தில் முதல் கார் சுமார் 148 மீட்டர் ஓடுகிறது, இரண்டாவது 98 மீட்டர். எதிரே 80-இல் ஒரு பஸ் வருகிறது என்றால் அதுவும் அதே தூரம் நம்மை நோக்கி வரும். ஆக, தேவைப்படும் இடைவெளியில் வித்தியாசம் ஏறக்குறைய 100 மீட்டர்.

இந்த 100 மீட்டர் சும்மா இல்லை. வேக கார் கேட்பவனை எல்லாம் ஷோக்குப் பேர்வழி என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த 75 கிலோவாட் இன்றைக்கும் வந்தால்தான் அந்த 100 மீட்டர் மிச்சம். டர்போ களைத்துப்போன, க்ளட்ச் நழுவுகிற "150 பிஎஸ்" கார் 100 பிஎஸ் காரைவிட ஆபத்தானது. ஓட்டுகிறவன் மனசில் 150 இருக்கும், சக்கரத்தில் இருக்காது.

விலை ஏன் இறங்குகிறது?

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற கட்டுரையே இருக்கிறது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை உதாரணமாக எடுத்து எழுதியது. 2001-இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். அவர் சொல்வது இதுதான்: காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, விற்காமல் ஒதுங்குவார். சந்தையில் சொத்தை அதிகமாகும், விலை இன்னும் இறங்கும்.

வேக செடானுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆல்டோவை எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓட்டுவார்கள். டர்போ காரை ஒருவர் ஆஃபீஸுக்கு மட்டும் ஓட்டியிருப்பார், இன்னொருவர் ஈசிஆரில் ஞாயிறுதோறும் விரட்டியிருப்பார். அதற்கு மேல் ரீமேப் என்று ஒன்று உண்டு. இன்ஜினின் கணினியில் மென்பொருளை மாற்றி 20, 30 குதிரைத்திறன் கூட்டுவது. விற்கும் முன் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிடலாம். என் தொழிலில் இதை ரோல்பேக் என்போம். ஆனால் மென்பொருளைத்தான் ரோல்பேக் பண்ண முடியும். க்ளட்சையும் டர்போவையும் பண்ண முடியாது.

எனவே புதிதில் பதினைந்து லட்சத்துக்கு மேல் விற்ற கார் ஆறு லட்சத்துக்கு வருகிறதென்றால், அது சந்தை நமக்குக் கொடுக்கும் தள்ளுபடி இல்லை. மீதி ஒன்பது லட்சத்தின் ஒரு பகுதி, முந்தைய ஓனர் நம் தலையில் இறக்கி வைக்கும் ரிஸ்க்.

தோற்றத்தை நம்பி வேகத்தை வாங்கிய கதை தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் 2000 நினைவிருக்கிறதா? உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. அங்கே அதில் 3.5 லிட்டர் வி8 இன்ஜினும் உண்டு. இங்கே உள்ளே வைத்ததோ பழைய வேன்கார்ட் வழிவந்த 2 லிட்டர் இன்ஜின். பார்வைக்கு ராஜா, ஏறி மிதித்தால் ஒன்றுமில்லை. சில வருஷத்திலேயே உற்பத்தி நின்றது. பழைய வேக காரில் நடப்பது இதன் தலைகீழ்: உள்ளே இருந்த இன்ஜின் நிஜமானதுதான், காலப்போக்கில் அது வெறும் பேட்ஜாகச் சுருங்கிவிடுகிறது.

ஒவ்வொன்றாக

என் அளவுகோல் மூன்று. இன்றைக்கும் அந்தச் சக்தி கிடைக்குமா, உடைந்தால் ஸ்பேர் கிடைக்குமா, இடித்தால் உயிர் பிழைக்குமா.

*ஹோண்டா சிட்டி விடெக், ஃபோர்டு ஐகான் 1.6.* இரண்டும் இணைய உலகின் செல்லப் பிள்ளைகள். 2000-களின் தொடக்கத்தில் வந்த சிட்டி 1.5 விடெக் 106 பிஎஸ். எடை குறைவு, இன்ஜின் சுழல்வதற்கென்றே பிறந்தது. ஐகான் மறைமலை நகரில் 1999-இல் பிறந்த நம்ம ஊர்ப் பிள்ளை, ஸ்டீயரிங் சுகத்தில் இன்றைய பல கார்கள் கிட்ட வராது. விலையும் மலிவு. ஆனால் இவை இருபது வயது தாண்டியவை. ஆர்.சி. பதினைந்து வருஷத்தில் முடிந்து புதுப்பித்திருக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-இல் இருந்து 5,000 ரூபாய் ஆனது. ரப்பர் புஷ், ஹோஸ், வயரிங் எல்லாம் வயதானவை. ஏர்பேக் பெரும்பாலும் கிடையாது. இரண்டாவது காராக, ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தின் ஒரே காராக வேண்டாம்.

*மிட்சுபிஷி லான்சர், சீடியா.* திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் செய்யப்பட்டவை. சீடியா 2 லிட்டர், 115 பிஎஸ். ரேலிப் பெயர் இருப்பதால் பட்டியலில் இடம் நிச்சயம். ஆனால் ஹெட்லைட் உடைந்தால் வாட்ஸ்ஆப் குழுவில் தேட வேண்டும். இது கார் வாங்குவது இல்லை, ஒரு சங்கத்தில் சேருவது.

*ஃபியட் லீனியா டி-ஜெட்.* என் மனசுக்குப் பிடித்தது. 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 பிஎஸ், பின்னாளில் வந்த 125 எஸ் மாடலில் 125. கனமான, அசையாத ஓட்டம். மோசமான ரோட்டை விழுங்கும் சஸ்பென்ஷன். "ஃபியட் ஸ்பேருக்குக் கவலை இல்லை, ஸ்விஃப்ட் இன்ஜின்தானே" என்று விற்பவர் சொல்வார். அது 1.3 டீசலுக்குத்தான் பொருந்தும். டி-ஜெட் வேறு இன்ஜின், ஸ்விஃப்டில் வந்ததே இல்லை. ஃபியட் பெயரில் இங்கே புது கார் வருவதும் நின்றுவிட்டது. டைமிங் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

*செவர்லே க்ரூஸ்.* 2 லிட்டர் டீசல், முதலில் 150, 2012-க்குப் பிறகு 166 பிஎஸ். நேர்க்கோட்டில் இந்த விலைக்கு இதை அடிக்க ஆள் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது. அதனால்தான் இந்த விலை.

*ஹோண்டா சிவிக் 1.8.* 132 பிஎஸ், டர்போ இல்லை. இந்தப் பட்டியலில் வயதானாலும் சக்தியை இழக்காத இன்ஜின் எது என்றால் இதைச் சொல்வேன். ஊதி அடைக்க டர்போ இல்லை, இழுத்துவிட பெல்ட் இல்லை, செயின்தான். குறை: தரையோடு தரையாக இருக்கும். நம் ஊராட்சிச் சாலை வேகத்தடைகளுக்கு இந்த வயிறு ஒத்துவராது. அடியில் கீறல் எவ்வளவு என்று குனிந்து பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

*ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, வென்டோ 1.2 டிஎஸ்ஐ.* பட்டியல்களின் நிரந்தர முதலிடம். 2013-இல் வந்த ஆக்டேவியா 180 பிஎஸ், வென்டோ 105. இரண்டும் ஓட்ட அற்புதம். பிரச்சினை கியர்பாக்ஸ். டிக்யூ200 எனப்படும் ஏழு கியர் உலர் க்ளட்ச் டிஎஸ்ஜி. 2013-இல் சீனாவில் டிஎஸ்ஜி கோளாறுக்காக 3.8 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களை ஃபோக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. உலர் க்ளட்சுக்கு நெரிசலில் ஊர்வது பிடிக்காது, சூடாகும். நம் வெயிலையும் வடலூர் தைப்பூச நெரிசலையும் சேர்த்து யோசியுங்கள்.

இங்கே ஒரு கணக்கு. எண்கள் என் அனுமானம், வழிதான் முக்கியம். கியர்பாக்ஸ் வேலைக்கு 1.5 லட்சம், மூன்று வருஷத்தில் அது வர ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று வைப்போம். சராசரிச் செலவு 30,000. "அவ்வளவுதானே" என்று தோன்றும். ஆனால் சராசரி யாருக்கும் வருவதில்லை. உங்களுக்கு வருவது பூஜ்யம் அல்லது 1.5 லட்சம். அந்த 1.5 லட்சத்தை ஒரே வாரத்தில் எடுத்து வைக்க முடியாதவர் இந்தக் காரின் சராசரியைப் பற்றிப் பேசவே கூடாது.

*ஹூண்டாய் வெர்னா 1.6 சிஆர்டிஐ.* இருங்காட்டுக்கோட்டையில் செய்தது, 2011 முதல். 128 பிஎஸ், 260 நியூட்டன் மீட்டர், மேனுவல் கியர். காதலர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். நியாயமும் இருக்கிறது: ஸ்டீயரிங்கில் உயிர் இல்லை, முதல் சில வருஷ மாடல்களில் பின்பக்கம் மெத்தை மாதிரி ஆடும். ஆனால் மேலே போட்ட 60-100 கணக்குக்கு இந்த டார்க்தான் வேண்டும். ஸ்பேர் கடலூரிலேயே கிடைக்கும், கை பழகிய மெக்கானிக் நம்ம ஊரிலேயே இருப்பார்.

*ஸ்கோடா ரேப்பிட் 1.0 டிஎஸ்ஐ மேனுவல்.* 2020-இல் வந்தது, 110 பிஎஸ். பட்ஜெட்டைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும். டிஎஸ்ஜி இல்லாத ஆறு கியர் மேனுவல். இந்த இன்ஜின் குடும்பம் ஸ்லேவியா, வர்டஸ் கார்களில் தொடர்வதால் ஸ்பேர் அறுந்துபோகாது. ஏபிஎஸ் 2019-இல் கட்டாயமான பிறகு வந்த கார், பழையவற்றில் அதையும் வேரியன்ட் வாரியாகத் தேட வேண்டும்.

நம்ம ஊர்க் கணக்கு

நான் இவ்வளவு நோண்டியதற்குக் காரணம் சித்தப்பா மகன். நெய்வேலியில் வேலை, கையில் ஆறு லட்சம். "ஓட்டினா ஓட்டற மாதிரி இருக்கணும்ணே" என்பது அவன் ஆசை. அதே காரில்தான் சித்தப்பாவை மாதம் இரண்டு முறை ஜிப்மருக்குக் கூட்டிப்போக வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம், விடியற்காலை டோக்கனுக்குக் கிளம்ப வேண்டும். நாலு மணிக்கு கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் போவது ஒரு நாள் இல்லை, ஒரு தவணை சிகிச்சை.

இந்தத் தகவலை எந்தப் பட்டியலும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் வரிசையே மாறியிருக்கும். கடலூரில் முடியாத வேலைக்குப் புதுச்சேரி, அங்கேயும் முடியாவிட்டால் சுமார் இருநூறு கிலோமீட்டர் தள்ளிச் சென்னை. டோ வண்டிச் செலவும், கார் நிற்கும் நாட்களும் விலையோடு சேர்ந்தவை. அவனுக்கு நான் சொன்னது: வெர்னா டீசல் மேனுவல், இல்லையென்றால் அடியில் அடிபடாத சிவிக். கூடவே ஆறு லட்சத்தையும் காருக்கே கொட்டாமல் ஒரு லட்சத்தை வங்கியில் விடு. அந்த ஒரு லட்சமும் காரின் ஒரு பாகம்தான், பானெட்டுக்குள் இருக்காது, அவ்வளவே.

இன்னும் இரண்டு உள்ளூர் விஷயம். ஒன்று வெள்ளம். 2015 நவம்பரில் நம் மாவட்டம், டிசம்பரில் சென்னை, 2023-இல் மிக்ஜாம், 2024-இல் ஃபெஞ்சல். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நனைந்த கார்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வருகின்றன. வேக செடானில் கணினிகளும் சென்சார்களும் அதிகம், கம்பள விரிப்புக்கு அடியில் ஓடும் வயர்களும் அதிகம். நனைந்த ஆல்டோ பிழைத்துக்கொள்ளும், நனைந்த ஆக்டேவியா வருஷக் கணக்கில் பழிவாங்கும். இரண்டு, டெல்லி கார். அங்கே பழைய டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு என்பதால் க்ரூஸும் வெர்னாவும் மலிவாகத் தெற்கே வருகின்றன. என்ஓசி, இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு எல்லாம் கூட்டினால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். பிஒய் நம்பர் காருக்கும் இதே எச்சரிக்கை.

பெட்ரோல் காருக்கு மட்டும் ஒரு குறிப்பு. பங்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கணக்குப்படி ஆறு, ஏழு சதவீதம் குறையும். அது பரவாயில்லை. பதினைந்து வருஷ காரின் பெட்ரோல் ஹோஸ், சீல் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை என்பதுதான் கவலை. வாங்கியதும் மாற்றிவிடுவது நல்லது.

பார்க்கப் போகும்போது

காலையில், இன்ஜின் சூடாகும் முன் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். மேலே கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் நாலு முழத்தைக் கழுவ மறந்திருப்பார்கள். சேற்றுக் கோடு அங்கே இருக்கும். ஸ்டெப்னி குழியையும் பாருங்கள்.

டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. நாலு டயரும் நாலு தேதி என்றால் ஓனரின் குணம் புரிந்துவிடும். வேகத்தைத் தரையில் நிறுத்துவது டயர்தான். ஆறு வருஷ டயரோடு 150 பிஎஸ் காரை எடுத்தால் புது டயரையும் விலையில் கழியுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஓபிடி கருவி கிடைக்கிறது, போனோடு இணையும். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். 2013-க்குப் பிந்தைய கார்களில் "ரெடினெஸ்" என்ற பகுதியைப் பாருங்கள். எல்லாச் சோதனையும் "முடியவில்லை" என்று காட்டினால், யாரோ நேற்றுத்தான் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள். லாக் ஃபைலை அழித்துவிட்டு "பக் இல்லை" என்று சொல்லும் ஜூனியரை என் வேலையில் நிறைய பார்த்திருக்கிறேன், இது அதே ரகம்.

மூன்றாவது கியரில் 40-இல் இருந்து முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் க்ளட்ச் போச்சு. டிஎஸ்ஜி என்றால் அரைமணி நேரம் நெரிசலில் ஊர்ந்து, பிறகு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். குளிர்ச்சியில் எல்லா கியர்பாக்ஸும் யோக்கியன்தான். பரிவாகன் தளத்தில் கடன், அபராதம் பாக்கி பாருங்கள். பெயர் மாற்றத்தோடு இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் பதினான்கு நாளுக்குள் எழுதிக் கொடுங்கள்.

நல்ல விமர்சனம் காரைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, அதை வாங்கப்போகிறவரின் ரோடு, மெக்கானிக், பணப்பை மூன்றையும் கேட்க வேண்டும். ஒரு பட்டியல் உங்களிடம் இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்றால், அது உங்களுக்காக எழுதியது இல்லை. வேகமான பழைய கார் தப்பே இல்லை. பத்து வருஷத்துக்கு முந்தைய பிரோஷரில் இருக்கும் வேகத்துக்கு இன்றைக்குக் காசு கொடுப்பதுதான் தப்பு.